சுருட்டின் மோதிரமும் நமது மதிமயக்கமும்

“மண் பறிபோகின்றது, மொழி பறிபோகின்றது; இந்த மனிதர் சுருட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே!” என்று தலைப்பைக் கண்டதுமே முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகின்றேன். நானும் மண்ணைப் பற்றித்தான் எழுத வந்திருக்கின்றேன். நம் மண்ணில் விளைந்த இலையையும் அதை விளைவித்தவனையும் மறந்துவிட்டு, பிறநாட்டுச் சுருட்டின் இடையில் ஒட்டிய வண்ணக் கடதாசி மோதிரத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் நமது படித்த வர்க்கத்தைப் பற்றி எழுத வந்திருக்கின்றேன். அவ்வர்க்கத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றேன்.

மாத்தளையிலே சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கூடும் விருந்துகளில் இரண்டொரு வருடங்களாக ஒரு புதுச் சடங்கு புகுந்திருக்கின்றது. உணவு முடிந்ததும் வீட்டுக்காரர் உள்ளே சென்று, மெருகிட்ட மரப்பெட்டி ஒன்றை ஏந்தி வருவார். கியூபாவிலோ டொமினிக்கன் குடியரசிலோ சுற்றப்பட்ட சுருட்டுகள் அதனுள்ளே படுத்திருக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையிலிருந்தோ, வெளிநாட்டு மைத்துனரின் பயணப்பெட்டியிலிருந்தோ வந்து சேர்ந்தவை அவை. ஒருவர் எடுத்து முகர்வார். ஒருவர் காதருகே வைத்து உருட்டுவார். “காதில் உருட்டினால் என்ன கேட்கும்?” என்று ஒருமுறை கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. விலை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சட்டம் படித்தவன் இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்கின்றது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும், மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடைசெய்கின்றது. நல்ல சட்டம், அதை மதித்து எந்தச் சுருட்டின் வணிகப் பெயரையும் இங்கே எழுதமாட்டேன். மற்றது, சுருட்டு நஞ்சு. “புகையை உள்ளிழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை” என்பது நமது படித்தவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் அது புற்றுநோயை உண்டாக்கும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருத்தல் கூடும். புகைக்காதவர் இக்கட்டுரையைப் படித்துப் புகைக்கத் தொடங்குவாரானால் அதைவிடப் பேதைமை வேறில்லை. எனது வழக்கு, எப்படியும் வாங்கப்போகின்றவரோடுதான். நஞ்சையே வாங்குகின்றவர், அதை யார் செய்தார், எங்கே செய்தார் என்றாவது கேட்கவேண்டாமா?

இனி என் மடமையின் கதை. வழக்கொன்று வெற்றியானதும் கட்சிக்காரர் ஒருவர் அத்தகைய பெட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். வெள்ளைக்காரன் எழுதிய கைந்நூல் ஒன்றை வாங்கி வாசித்தேன். சுருட்டு உலர்ந்து போகக்கூடாது, பெட்டிக்குள்ளே நனைத்த பஞ்சு வைக்கவேண்டும், ஈரப்பதன் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருக்கவேண்டும், வெப்பநிலை 18 முதல் 21 பாகை செல்சியசுக்குள் நிற்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேதவாக்காக எடுத்துக்கொண்டு பஞ்சை நனைத்தேன். அது மார்கழி மாதம். வடகீழ்ப் பருவமழை மலையிலும் கூரையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், சுருட்டுகளின் மேல் பச்சையும் நீலமுமாகப் பூஞ்சணம் மயிர்போலப் படர்ந்திருந்தது. தப்பிப் பிழைத்த நாலைந்தை எடுத்து மேசை லாச்சியில் வைத்தேன். வெயில் வந்ததும் அவற்றில் குண்டூசித் துளைகள் தோன்றின. அடியிலே பொடி உதிர்ந்து கிடந்தது. புகையிலை வண்டு!

குற்றம் கைந்நூலில் இல்லை. குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய வீட்டுக்குள்ளே காற்று வறண்டுபோகும் நாட்டில் இருந்து, அந்நாட்டாருக்காக எழுதியவன் அவன். நாமோ மழைமாதங்களில் இரவுக் காற்று நூற்றுக்கு எண்பதும் தொண்ணூறும் ஈரம் சுமக்கும் மலைச்சாரலில் இருந்துகொண்டு, அவன் சொன்னபடி இன்னும் தண்ணீர் ஊற்றுகின்றோம். குளிர்நாட்டுக் கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு சித்திரை வெயிலில் நீதிமன்றத்தில் வியர்த்து நிற்கும் நமக்கு இது புதிய பழக்கமா என்ன!

மாத்தளைப் பிரதான வீதியிலே பழைய கடை ஒன்று வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். “தம்பி, உங்களுக்குப் புத்தகம் இருக்கு; எனக்கு மழை இருக்கு” என்றார். பின் தமது தகரப்பேணியைத் திறந்து காட்டினார். சுருட்டுகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. நனைத்த பஞ்சு எதுவும் இல்லை. மூலையிலே துணியில் முடிந்த வறுத்த அரிசி இருந்தது. மழைக்காலத்தில் பேணியைத் திறப்பதே இல்லையாம். வெயிற்காலத்தில் அரிசி முடிச்சை எடுத்துவிடுவாராம். பேணிக்கும் கிராம்புச் சாக்குக்கும் இடையில் ஒரு சுவர். “ஏலம், கராம்பு, சாதிக்காய், ஊதுபத்தி எல்லாத்தின்ரை மணத்தையும் இந்த இலை குடிச்சுப்போடும்” என்றார். வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் வாழும் நமக்கு இந்த ஒரு வசனத்தை எந்த வெள்ளைக்காரனின் கைந்நூல் சொல்லித்தரும்?

அவரிடமும் பின்னர் சொந்தச் சோதனையிலும் அறிந்ததை இங்கே தருகின்றேன். மெருகிட்ட மரப்பெட்டி வேண்டாம். காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடிப் போத்தலோ தகரப்பேணியோ போதும். அதை நிறைத்து வையுங்கள். வெற்றிடம் கூடக்கூட ஈரம் ஏறியிறங்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துதான் ஏற்கவேண்டும். போத்தல் மூடியொன்றில் கறியுப்பை இட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, அதையும் மானியையும் ஒரு மூடிய பாத்திரத்தில் ஒரு நாள் விட்டால், மானி 75ஐக் காட்டவேண்டும். 80 காட்டினால் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே 65க்கு அருகே நிற்கச் செய்தால் நம் நாட்டுக்கு அது நன்று. 70ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு அழைப்பிதழ் அனுப்பிய மாதிரி.

வண்டின் கதை வேறு. அதன் முட்டை இலையிலேயே இருக்கும். 24, 25 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் பொரிக்கத் தொடங்கும். மாத்தளையின் பகல் வெப்பம் ஏறக்குறைய ஆண்டு முழுதும் அதற்கு மேல்தான். ஆகவே வாங்கிவந்த சுருட்டை இறுக மூடிய பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் மூன்று நாளும், கீழ்த்தட்டில் ஒரு நாளும் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே பையைத் திறக்கவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் படிந்து மேலிலை வெடிக்கும். பெட்டிக்குத் தேவதாரு மரந்தான் வேண்டும் என்று வாதிடும் அன்பர்களுக்கும் ஒரு சொல். சுருட்டுப் பெட்டிக்குரிய அந்த ‘ஸ்பானிய’ மரம் ஸ்பெயினைச் சேர்ந்ததும் அன்று, தேவதாரு இனமும் அன்று. அமெரிக்க வெப்ப நாடுகளில் வளர்வது. நமது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடிப்புறத்து வேம்பின் தூரத்து உறவினரையே நாம் பவுண் கொடுத்து வாங்குகின்றோம்.

தெரிந்தெடுக்கும் கலைக்கு வருவோம். மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு விரலுக்கிடையில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை மெல்ல அழுத்துங்கள். எங்கேனும் குழிந்தால் உள்ளிலை குறைவு. அவ்விடத்தில் சூடேறி எரியும். எங்கேனும் கல்போல இருந்தால் புகை வராது. முழுதும் ஒரே சீராக, அழுத்தினால் சற்று இணங்கி மீள்வதாக இருப்பது நல்லது. நொறுங்கும் ஒலி கேட்டால் காய்ந்துவிட்டது. மேலிலையில் பெரிய நரம்பும் கிழிசலும் கூடா. கொளுத்தும் முனையை நோக்குங்கள்: நீள இலைகள் மடிந்து கிடந்தால் கைவேலை, தூளும் துண்டுமாகத் தெரிந்தால் மலிவு வேலை. கறுத்த சுருட்டெல்லாம் காரம், வெளிறியதெல்லாம் மென்மை என்பது தவறு. நிறம் மேலே சுற்றிய ஓர் இலையினுடையது. காரம் உள்ளே இருப்பதனுடையது.

நம்மவர் சுருட்டைப் பற்றியும் மறைக்காது சொல்வேன். யாழ்ப்பாணச் சுருட்டு புதியவனுக்கு உகந்ததன்று. தென்னம் பொச்சின் புகையில் குடிலிட்டுப் பதப்படுத்தி, கோடா தெளித்துச் சுற்றிய அந்த இலை, பழகாதவனின் தலையை முதல் இழுப்பிலேயே சுழற்றிவிடும். வெறும் வயிற்றில் தொடக்கூடாது. சிறியதை எடுத்துப் பாதியில் வைத்துவிடவேண்டும். இன்னொன்றும் உண்டு. மேலே நல்ல இலையைச் சுற்றி, உள்ளே கழிவைத் திணித்து, குறையைக் கோடாவால் மறைக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் நல்லதையும் கெட்டதையும் வாங்குகின்றவன் எப்படி வேறுபிரிப்பான்? பெரியவர் ஒரு கட்டை என் கையில் தந்தார். நூலால் கட்டிய கட்டு. எந்த ஊர் இலை? எப்போது சுற்றியது? எந்தக் கொட்டில்? ஒரு சொல் அதில் இல்லை. கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் தாவடியிலும் குந்தியிருந்து சுற்றிய தொழிலாளியின் கைத்திறம் பெயரற்று, திகதியற்று, கண்டி வீதியால் முந்நூறு கிலோமீற்றர் அளவு பயணம் செய்து மாத்தளைக்கு வருகின்றது. கியூபாப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சுற்றிய தொழிற்சாலையின் குறியும், மாதமும் ஆண்டும் அடியிலே பொறிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் ஒட்டிய உத்தரவாத முத்திரை இருக்கும். நாம் மயங்க வேண்டியது மோதிரத்தைக் கண்டன்று, அந்த முத்திரையைக் கண்டு. ஒரு சிறு நாடு தன் விவசாயியின் இலைக்குச் சட்டத்தால் வேலியிட்டிருக்கின்றது. நமது அன்பர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், கவிழ்த்துப் பார்ப்பதேயில்லை.

நம்மிடம் கைத்திறம் குறைவா? வரலாறு குறைவா? ஆங்கிலேயன் தன் மொழியில் ‘செரூட்’ என்று எழுதுவது நமது ‘சுருட்டு’ என்ற சொல்லைத்தான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. கிணறு தோண்டி, பட்டி கட்டி, குழை தாழ்த்து, செம்மண்ணைப் பொன்னாக்கினார்கள் நமது உழவர்கள். அச்சந்தை தளர்ந்தபோது, சுருட்டாகச் சுற்றித் தென்னிலங்கைக் கிராமங்களுக்கு அனுப்பக் கற்றார்கள். மலைநாட்டின் பட்டினந்தோறும் யாழ்ப்பாணத்தான் சுருட்டுக்கடை எழுந்தது இப்படித்தான். சிங்கள விவசாயி தன் வேட்டி மடிப்பில் செருகியிருந்தது நமது விவசாயியின் இலை. இனவாதிகள் எத்தனை மேடையில் முழங்கியபோதும் அந்த வாடிக்கையை அவர்களால் முறிக்க முடியவில்லை. 1983 ஜூலையில் மலைநாட்டு நகரங்களில் தமிழர் கடைகள் எரிந்தன. 1990இலிருந்து 2002வரை வடக்குக்கான பாதை மூடிக்கிடந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. மாத்தளைப் பிரதான வீதி வேறொன்றுமன்று, அதே ஏ-9 பாதையின் தென்பகுதிதான். தன் கடை வாசலிலேயே ஓடும் தெருவின் மறுமுனை அடைபட்டுக் கிடந்ததைப் பல்லாண்டு பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெரியவர்.

கைத்திறத்தோடு அறிவுத்திறமும் அந்தக் கொட்டில்களில் இருந்தது. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையொன்றில், தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் உரத்துப் பத்திரிகையும் நாவலும் வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்தது. வாசிப்புக் கேட்ட தொழிலாளி கேள்வி கேட்பான் என்று அஞ்சியது. பின்னர் கியூபா விடுதலைக்காக ஹொசே மார்த்தி பணம் திரட்டியது புளோரிடாவில் குடியேறியிருந்த சுருட்டுத் தொழிலாளரிடந்தான். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே சுற்றிய வழக்கம் இருந்தது. எழுத்தறியாதவனும் அரசியல் பேசக் கற்றது அங்கேதான். அரசியற் பத்திரிகையிலே சுருட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்ட அன்பருக்கு இதுவே என் விடை: இத்தகைய பத்திரிகைகளின் முதல் வாசகர்களில் அந்தக் கொட்டில்காரனும் ஒருவன்.

அரசாங்கத்தின் இரட்டை வேடத்தை இங்கே சொல்லாது விடமுடியாது. 2020ஆம் ஆண்டுக்குள் புகையிலைப் பயிர்ச்செய்கையையே ஒழிப்போம் என்று மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில் முழங்கினார்கள். யாழ்ப்பாண விவசாயி நடுங்கினான். 2020 வந்தது, போனது. மாற்றுப் பயிருக்கு உறுதியான சந்தையும் இல்லை, ஒழிப்பும் இல்லை. இந்த நாட்டின் சிகரெட்டு உற்பத்தியோ நெடுங்காலமாக ஒரே கொம்பனியின் ஏகபோகம். அதன் பங்குகளில் நூற்றுக்கு 84க்கு மேல் பிரித்தானியத் தாய்க் கொம்பனி ஒன்றுக்கு உரியவை. அக்கொம்பனி செலுத்தும் வரியை எண்ணித்தான் வரவு செலவுத் திட்டமே வகுக்கப்படுகின்றது. ஒரு கையால் சிகரெட்டு வரியை வாங்கிக்கொண்டு, மறுகையால் உழவனை நோக்கி “நஞ்சு விதைக்காதே” என்று விரல் நீட்டுவது எந்த நீதிநூலில் உள்ள நீதி?

“புகையிலை தீயது, சுருட்டுத் தொழில் அழிந்தால் அழியட்டுமே” என்று கூறும் நல்லவர்களும் உண்டு. அவர்களின் நோக்கத்தை மதிக்கின்றேன். ஒழிப்பதாயின் எல்லாவற்றையும் ஒழியுங்கள். உழவனுக்கு வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நிலையான விலையைக் கொடுத்து, அறுவடை நேரத்தில் இறக்குமதியைத் திறந்துவிடும் கொடுமையை நிறுத்திவிட்டு ஒழியுங்கள். அவன் நன்றி சொல்வான். புகையிலை மீது உழவனுக்கு மோகம் ஒன்றுமில்லை. கிணற்று நீருக்கும் உடலுழைப்புக்கும் கூலி தருவதாக அவன் கண்ட பயிர் அது. ஆனால் தொழிலை அழிய விட்டுவிட்டு, விருந்து மண்டபத்தில் கியூபாச் சுருட்டை ஏந்தி நிற்பவர் இந்த வாதத்தைப் பேசவேண்டாம். நம் கட்சி மேடைகளில் ‘தமிழன் உற்பத்தி’ என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, இரவு விருந்தில் மோதிரச் சுருட்டைக் காதில் உருட்டும் தலைவர்களையும் சேர்த்தே சொல்கின்றேன். அவர்களுட் சிலர் எனக்கு நெருங்கிய நண்பர்கள், கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

நாம் கேட்பது சிறிய காரியம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஓர் ஊரின் பெயரால் அறியப்படும் பொருளுக்கு அப்பெயரைப் பொய்யாகச் சூட்டுவதைத் தடுக்கின்றது. இலங்கைக் கறுவா அத்தகைய புவிசார் பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பையும் பெற்றுவிட்டது. கறுவாவுக்கு முடிந்தது, சுருட்டுத் தொழில் நீடிக்கும் நாள்வரையிலேனும் யாழ்ப்பாண இலைக்கு ஏன் முடியாது? சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சுகாதார எச்சரிக்கையோடு, ஊரும் மாதமும் கொட்டிலின் பெயரும் தாங்கிய ஒரு துண்டுக் கடதாசியை ஒவ்வொரு கட்டிலும் செருகுவதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். கழிவைத் திணிப்பவன் தன் பெயரைச் செருக அஞ்சுவான். நல்ல இலை விளைவிப்பவன் நல்ல விலை கேட்கத் துணிவான். வாங்குகின்றவனும் மாதத்தைப் பார்த்து, பழையதா புதியதா என்று அறிந்து, பேணியில் வைப்பான்.

சென்ற கிழமை அந்தக் கடைக்கு மீண்டும் போனேன். இந்தத் துண்டுக் கடதாசியைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் நெடுநேரம் யோசித்தார். “பேர் போட்டால் பிறகு பொய் சொல்லேலாது தம்பி” என்றார். அடுத்த முறை கோண்டாவிலுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது கொட்டில்காரரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மெருகிட்ட மரப்பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டேன்; அதில் இப்போது சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறார்.